கரையடியில் கசிந்த தண்ணீரின் நிறம்

மண்ணுக்குள் போன பிறகும் என் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாத என் அருமை மாப்பிள்ளை மாயாண்டிக்கு,

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். குளம் உடையும் என்று சொன்னேன். எந்தப் பக்கம் உடையும் என்றும் சொன்னேன். பழைய துரை பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விடுவார், புதுசாக ஒரு துரை வருவார், அவருக்கும் தண்ணீர்ப் பைத்தியம் பிடிக்கும் என்று அதையும் சொன்னேன். கலஹாவிலிருந்து கம்பளை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும், "ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு ஆள் இருக்கானாம், தண்ணியைப் பார்த்தே கரைக்கு நாள் குறிச்சிடுவானாம்" என்பார்கள். அந்த ஆள் யாரென்று உனக்குத் தெரியும்.

நாளைக்கு உனக்கு வருஷம் திரும்புகிறது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுக் களத்தில் உனக்கு ஒரு கடுதாசி வாசிக்க வேண்டும் என்று நாம் குடியிருக்கிற லயத்து ஆட்கள் என்னிடம் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவன் நான். ஒரு வருஷம்தான் என்று உன் பெண்டாட்டி செல்லாயி சொல்வாள். தங்கச்சிதானே, எண்ணத் தெரியாது, விட்டுவிடு. கணக்கப்பிள்ளை சத்தமாக வாசிப்பார். பெரிய கங்காணி இருப்பார். கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் வருவார்கள். அதனால் எல்லார் காதிலும் விழட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் குளம் உடைந்த நாளின் காலைப் பொழுதைச் சொல்லிவிடுகிறேன். நூறு தடவை சொன்ன கதை, தானாக வருகிறது. மூன்றாம் நாள் மழை. நீ கரை மேலே நிற்கிறாய். கையில் மம்பட்டி. தலையில் சாக்கு.

"மாப்ளே, கரையடியில கலங்கின தண்ணி கசியுது. மடையைப் பிடுங்கி விட்டுரு," என்றேன்.

நீ சிரித்தாய். "போ மச்சான், உன் வாயை விடவா இந்தக் கரை ஒழுகுது?"

நான் தலையில் அடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். மத்தியானம் கரை போனது. நீயும் போனாய்.

இந்தக் கதை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது தெரியுமா? கம்பளைச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தன் எனக்கே சொன்னான். அவன் சொன்னதில் நீ என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறாய், நான் சறுக்கி விழுகிறேன், இடி வேறு இடிக்கிறது. நான் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

மாப்ளே, இப்போது இங்கே நடக்கிறதைக் கேள். குளத்தை மறுபடி கட்டுகிறார்கள். அதே இடம். லயத்துக்கு நேர் மேலே. கரை முன்னைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடி படிகிறது, செடி மொட்டையாகிறது. அடுத்த வருஷம் பழம் இருக்குமோ இருக்காதோ என்று புது துரைக்குப் பயம். இருக்கிற பழத்தை எல்லாம் இந்த வருஷமே உரித்துக் கழுவிக் காயப்போட்டுக் கண்டிக்கு அனுப்பிவிட வேண்டுமாம். அதற்குத் தண்ணீர்ச் சக்கரம் நிற்காமல் சுற்ற வேண்டும். அதற்குக் குளம் நிறைந்து நிற்க வேண்டும்.

வானமும் அப்படியே வந்து நிற்கிறது. நாலு நாளாக மலை உச்சி தெரியவில்லை. காற்று இல்லை. இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. லயத்தில் யாரும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் எல்லாரும் மூட்டையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். செல்லாயி அரிசிப் பானையைக்கூடக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள்.

வெளித்தோட்டத்து ஆட்களும் நாளைக்கு வருவார்கள், அவர்களுக்காகப் பழையதைக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

போன வருஷம் மழை பிந்தியது. பழம் மட்டும் நேரத்துக்குப் பழுத்துவிட்டது. குளத்தில் தண்ணீர் இறங்கி, சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற மரப் பீலிக்குக் கீழே போய்விட்டது. சக்கரம் நின்றது. பறித்த பழம், கோப்பி உரிக்கிற ஸ்டோரில் மலையாகக் குவிந்து, சூடேறி, புளித்து, நாற்றம் லயம் வரைக்கும். பழைய துரை குதிரையிலிருந்து இறங்காமலே கத்தினார். குளத்து ஓரத்தில், மிஞ்சின தண்ணீர் வழிந்து போக ஒரு தாழ்வான இடம் இருந்தது. நம் ஊரில் அதற்குக் கலிங்கு என்று பெயர். அதையும் கல்லை வைத்து அடைக்கச் சொன்னார், இன்னும் ரெண்டு முழம் தண்ணீர் நிற்குமே என்று.

"கலிங்கு வேணும் துரை. நெறஞ்சா எங்கிட்டுப் போகும்?" என்று நீ கேட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இது சத்தியம்.

"தண்ணி போகாது. ஒரு சொட்டு போகாது," என்றார் துரை.

உனக்குக் குளம் புதுசா? ராமநாதபுரத்துச் சீமையில் உன் பாட்டன், பூட்டன் எல்லாரும் கண்மாய்க்கு மடைக்காரர்கள். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பார்த்து மடையைத் திறந்து மூடுகிற வம்சம். அதைக் கேட்டுத்தானே இங்கேயும் உன்னைத் தண்ணீருக்கு வைத்தார்கள். நான்தான் கங்காணியிடம் சொல்லி உனக்கு அந்த வேலை வாங்கித் தந்தேன். சரி, கங்காணி என்னிடம் கேட்டார், நான் ஆமாம் என்றேன். ரெண்டும் ஒன்றுதான்.

பிறகு மழை வந்தது. அந்த முதல் சொட்டு விழுந்தபோது நாம் என்ன செய்தோம்? அத்தனை பேரும் குளத்துக்கு ஓடினோம். ஊரில் செய்கிறதையே செய்தோம். மடைக்கு முன்னால் தேங்காய் உடைத்தோம். பெண்கள் குலவை போட்டார்கள். வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து மடையை அடைத்தோம். நீ ஒரு உருண்டை வைத்தாய், நான் ஒரு உருண்டை வைத்தேன், ஆளுக்கொரு கை. காய்ந்த சீமையில் பிறந்தவர்கள் நாம். மழை என்றால் நிறுத்தி வைக்கத்தான் நமக்குத் தெரியும். மலையில் மழை என்றால் வழிவிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? கலிங்கு கேட்ட உனக்கும் அந்தச் சந்தோஷத்தில் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இங்கே நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கீழ்க் கிராமத்து முதியான்சேக்குத் தோன்றியது. நெல் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிறவர் அவர், அவர்கள் ஊருக்கு நீ மாதிரி. மடை வழியாகப் போகிற தண்ணீர்தான் அவர்கள் வாய்க்காலுக்குப் போகும். அடைத்த மறுநாளே ஏறி வந்தார். "வத்துர நே," என்று வெறும் கையை விரித்துக் காட்டினார். தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான், வெளியே சொல்லாதே. அவர் கரையையும் பார்த்தார், லயத்தையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். தலையை ஆட்டினார். துரையின் ஆட்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் பழக் கூடையோடு ஸ்டோர் வாசலில் வரிசையில் நின்றேன். மேலேயிருந்து உன் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

"ராக்கு! தப்பை எடு! அடி!"

உன் மகள் ராக்கு லயத்துக்குப் பின்னால் நின்றாள். பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற தப்புப் பறை சுவரில் தொங்கியது. பொம்பளைப் பிள்ளை அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. எடுத்து அடித்தாள் பார், மலை அதிர்ந்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிழவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு, எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். நான் ஏழு பேரைத் தூக்கினேன். மூன்று பேர். ஒரு கிழவியும் ஒரு ஆடும்.

நீ ஓடவில்லை. மடைக்கு நேரே தண்ணீருக்குள் இறங்கியிருந்தாய். நாம் கொண்டாடிக் கொண்டாடி அடைத்த மண், மூன்று நாள் ஊறி இறுகிப் போயிருந்தது. கையால் தோண்டினாய். கடைசியில் மடை திறந்தது, நான் பார்த்தேன், கீழே தண்ணீர் பீறிட்டது. கொஞ்சம் பாரம் குறைந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கடைசி ஆளும் மேட்டில் ஏறினது. அப்புறம் கரை நடுவில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

லயத்தில் ஒரு உயிர் போகவில்லை, மாப்ளே. உன்னைத் தவிர.

உன்னைக் கொண்டுவந்தது முதியான்சேயும் அவர் ஆட்களும்தான். அவர்கள் வயலெல்லாம் நம் குளத்து மணல். விதைத்தது போச்சு. அந்த மணலிலிருந்து உன்னை எடுத்து, புதுப் பாயில் சுற்றி, ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். உன் விரல் இடுக்கில் வைக்கோல் இருந்தது. செல்லாயி ஒவ்வொன்றாக எடுத்தாள்.

இதெல்லாம் பழசு. இப்போது நேற்றைக்கு வருகிறேன்.

நேற்றுப் பகலில் கரை வேலை நடக்கிற இடத்துக்கு ராக்கு வந்தாள். உன்னைப் போலவே நடக்கிறாள், முன்பாதத்தை ஊன்றி ஊன்றி, மண்ணைச் சோதிக்கிற மாதிரி. கரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள்.

"கலிங்கு எங்க இருக்கு கங்காணியய்யா?"

"எதுக்கு? கஷ்டப்பட்டுச் சேர்க்கிற தண்ணியைக் கீழ ஊத்தவா?"

"நெறஞ்சா போறதுக்கு வழி வேணும்ல. அந்தா, அந்தப் பாறைப் பக்கம் வச்சா மண்ணு அரிக்காது. தண்ணி நேரா கீழ்க் கிராமத்து வாய்க்கால்ல போய்ச் சேரும். முதியான்சே மாமாகிட்டயும் பேசிட்டேன். அவங்களே கல்லு கொண்டாந்து தர்றோம்னு சொல்றாங்க."

"ஓகோ, எல்லாம் பேசி முடிச்சாச்சோ?" கங்காணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இந்தா பாரு, ஒங்கப்பனுக்கு ஒருத்தன் நேருக்கு நேரா வந்து சொன்னானா இல்லையா? கேட்டானா? சிரிச்சான்ல? சொன்ன ஆளு இங்கதான் நிக்கிறான், ஒன் தாய்மாமன். அவன் பேச்சையே கேக்காதவன் மக, எனக்குத் தண்ணி சொல்லித் தர வந்துட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நல்லவர்கள்தான், போன வருஷம் உனக்காக அழுதவர்கள்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்ளே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மீசையைத் தடவினேன்.

வேலை முடிந்து பீலியடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ராக்கு குடத்தோடு வந்தாள். குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மாமா, அன்னிக்குக் காலையில அப்பா எந்த எடத்துல நின்னாரு?"

"கரை மேலதான். நடுவுல."

"கையில?"

"மம்பட்டி." அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடுமா? "அந்தக் காம்பு வெடிச்ச மம்பட்டி. கயிறு சுத்தியிருப்பானே, அதேதான். அதை ஊனிக்கிட்டு நின்னுதான் சிரிச்சான்."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"அது அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து எங்கிட்ட இருந்துச்சு மாமா. லயத்துக்குப் பின்னால தண்ணி கட்டி நின்னுச்சுன்னு வாய்க்கா வெட்ட நான்தான் கேட்டு வாங்கினேன். அப்பா வெறுங்கையோடதான் மேல போனாரு." வழிகிற தண்ணீரில் விரலை வைத்தாள். "அதனாலதான் கையால தோண்டினாரு. நான் வாங்காம இருந்திருந்தா சீக்கிரமே தொறந்திருப்பாரு. நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நீ பொய் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பார்க்கப் பார்க்க ஏற்றத்தில் ஏறிப் போனாள். ஒரு வருஷமாக அந்த மம்பட்டியைத் தூக்கிக்கொண்டுதானே நடந்திருக்கிறாள்? எனக்கு ஏன் தெரியாமல் போச்சு?

இங்கே கணக்கப்பிள்ளை நிறுத்திவிடுவார். அவர் கையில் கொடுக்கப் போகிற தாள்கள் இவ்வளவுதான். மீதித் தாளை என் மடியில் வைத்துக்கொள்வேன். என் எழுத்தை எனக்கே வாசிக்கக் கஷ்டம், ஆனாலும் இதை நானே எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் நீ கரை மேலே நிற்கவில்லை. எங்கே நின்றாய் என்றே எனக்குத் தெரியாது. நான் உன்னைப் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தது கரையடியை மட்டும்தான். பெரட்டுக்குப் போகிற வழியில் கால் கழுவ ஒதுங்கினேன். கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்தது, விரல் பருமனுக்கு. பழம் கழுவின தண்ணீர் மாதிரி கலங்கல். எனக்குத் தெரியும், மாப்ளே. தெரியாது என்று சொல்ல வழியில்லை. கலிங்கை அடைத்த அன்றைக்கு நீயே அந்த இடத்தில் என்னைக் குந்த வைத்துக் காட்டியிருந்தாய். "தெளிவாக் கசிஞ்சா பயமில்ல மச்சான். கலங்கலா வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம், உடனே எங்கிட்ட ஓடியா" என்றாய். ஓடிவா என்றாய்.

நான் ஓடவில்லை. அதற்கு முந்தின நாள் சாயந்தரம் தம்புள்ளைக் காட்டுக் கரடிக் கதையை நான் சொன்னபோது, "கரடி இங்க இருந்தா அதுவே நம்பாது" என்று சொல்லி நீ எல்லாரையும் சிரிக்க வைத்தாய். எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. இதைப் போய் உன்னிடம் தனியாகச் சொன்னால் உனக்குத்தான் பேர் வரும் என்று நினைத்தேன். மத்தியானம் பழம் கொண்டுவர எல்லாரும் ஸ்டோர் வாசலில் கூடுவார்கள், கங்காணியும் இருப்பார், அத்தனை பேருக்கும் நடுவில் வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். எப்படி ஆரம்பிக்கிறது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வரிசையில் என் முறை வருவதற்கு முன்னால் உன் சத்தம் வந்துவிட்டது.

காலையிலேயே சொல்லியிருந்தால், மண் எவ்வளவு இறுகியிருந்தாலும் நேரம் இருந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து பிடுங்கியிருப்போம். மம்பட்டி யார் கையில் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ராக்கு, தாயே, நீ இங்கேதான் எங்கேயாவது நிற்பாய். கேட்டுக்கொள், உன் மம்பட்டியால் இல்லை.

கங்காணியய்யா, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் யார் பேச்சையும் தட்டவில்லை. கலிங்கு வேண்டும் என்று இந்தத் தோட்டத்தில் முதலில் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அதையே இப்போது சொல்கிறவள் அவன் மகள். "போ மச்சான், உன் வாயை விடவா" என்கிற பேச்சை அவன் பேசவே இல்லை. நான் உண்டாக்கினது. நன்றாகத்தான் உண்டாக்கியிருக்கிறேன், அவன் குரல் மாதிரியே இருக்கும். அதனால்தான் எல்லாரும் நம்பினீர்கள்.

மாப்ளே, இதை வாசித்து முடித்ததும் ராக்கு காட்டின அந்தப் பாறைப் பக்கம் போவேன். கலிங்குக்கு முதல் வெட்டு என் கையால் விழும். துரை வந்தாலும் நிறுத்த மாட்டேன். கல் கொண்டுவர முதியான்சே ஆட்கள் இருக்கிறார்கள், மற்றவர்கள் வருவார்களோ மாட்டார்களோ தெரியாது. மழை முதலில் வருமோ, நாங்கள் வெட்டி முடிப்போமோ, அதுவும் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் எழுதுவது இந்தக் கடுதாசியில்தான் முதல் தடவை, பார்த்துக்கொள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். தினமும் விடிந்ததும் கரையடியில் குந்தி, கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பேன். கலங்கியிருந்தால் நாலு பேர் கூடட்டும் என்று காத்திருக்க மாட்டேன். முதலில் எதிரே வருகிறவரிடம் சொல்வேன். யாரும் வரவில்லை என்றால் அங்கேயே நின்று கத்துவேன். இந்த வாயை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்?

உன்னிடம் அன்றைக்கு ஓடிவராத உன் மச்சான்,
ராக்குவின் தாய்மாமன்,
சின்னக்கருப்பன்